ஒரு தாள், ஒரு போன் கால்

முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். உங்கள் இருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் சென்ற மாதம் இங்கே கேட்டால் அங்கே கை காட்டினார்கள், அங்கே கேட்டால் இங்கே. அதனால் இரண்டு தரப்புக்கும் ஒரே மடல்.

இல்லத்திலிருந்து ஒரு பெரியவர் ஆம்புலன்ஸில் ஏறும்போது அவரைப் பற்றிய தகவல் எத்தனை தூரம் கூடப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 81 வயது, பத்து வருடமாகப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய். லெவோடோபா மாத்திரை தினமும் ஐந்து வேளை: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இல்லத்தில் அவர் கட்டிலுக்கு மேலே இதை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நேரத்துக்கு மாத்திரை போனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடப்பார், செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டுபிடிப்பார், தாமதமாக வந்ததற்கு என்னைத் திட்டுவார். தவறினால் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிடும், வாய் திறக்காது.

ஒரு நாள் விடிகாலை அவருக்குக் காய்ச்சல். இல்லத்தில் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதில் குறையில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பகல் 3 மணி. அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வாயோரம் வழிந்த எச்சில் கன்னத்தில் காய்ந்திருந்தது. கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டில் ‘படுத்த படுக்கை, பேச்சில்லை’ என்று எழுதியிருந்தது.

“நேத்து நடந்துட்டிருந்தாரே சிஸ்டர்?” என்றேன்.

அந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா? யாரும் சொல்லலையேம்மா.”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைத்தான் சொன்னார். யாரும் சொல்லவில்லை. கடைசி மாத்திரை முந்தின இரவு 10 மணிக்கு. அதற்கு மேல் 17 மணி நேரம் ஒன்றுமே போகவில்லை. இடையில் வாந்தி எடுத்ததற்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி வேறு போட்டிருக்கிறார்கள். சாதாரணமாக எல்லோருக்கும் போடுகிற ஊசிதான். ஆனால் அது மூளையில் டோபமைன் வேலை செய்வதைத் தடுக்கும். பார்க்கின்சனில் ஏற்கெனவே குறைந்துபோகும் ரசாயனம் அதுதான், லெவோடோபா ஈடுகட்டுவதும் அதைத்தான். பார்க்கின்சன் உள்ளவருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்து. பார்க்கின்சன் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

இல்லத்துக்குப் போன் செய்தால் “எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பினோம்” என்றார்கள். மருத்துவமனையில் “எங்களுக்கு எதுவும் வரவில்லை” என்றார்கள். இருவர் சொன்னதும் நிஜம் என்று மறுநாள்தான் தெரிந்தது. மாற்றுத் துணி வைத்த பையில், சட்டைக்கு அடியில், நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் கிடந்தது. யாரும் பையைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பாதிப் பயன்தான். அது எட்டு மாதத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு, லெவோடோபா மூன்று வேளை என்று இருந்தது. இரண்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு எல்லாம் மனப்பாடம். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு தாள், ஒரு போன் கால். நேற்று வரை எப்படி நடந்தார், பேசினார், சாப்பிட்டார், இன்று என்ன மாறியது என்று அந்தத் தாளில் இருக்கட்டும். என்னென்ன மருந்து, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது கொடுத்தது, எது கூடாது என்பதும் இருக்கட்டும். காது கருவியும் கண்ணாடியும் பல்செட்டும் கூட வருகிறதா என்று ஒரு வரி. அப்புறம் அனுப்பும் நர்ஸ் வாங்கிக்கொள்ளும் நர்ஸை அழைத்து இரண்டு நிமிடம் பேசட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் சட்டன் பகுதியில் 2015-லேயே ஒரு சிவப்புப் பையை வைத்து இதைத் தொடங்கிவிட்டார்கள். உடல்நிலைக் குறிப்பு, மருந்து, சொந்தப் பொருள் எல்லாம் அந்த ஒரே பையில், பெரியவரோடு போய் அவரோடு திரும்பி வரும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துத் தவறுகளைக் குறைக்க ஒரு திட்டம் அறிவித்தபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாறும் கட்டத்தை முக்கியமான மூன்றில் ஒன்றாக வைத்தது. லெவோடோபாவை, குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு. மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் சேர்த்தே சொல்கிறது. எங்கள் வார்டில் மருந்து வண்டி எப்போது வருகிறதோ அதுதான் நேரம்.

தகவல் அனுப்பவே உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அட்மிஷன் கவுண்டரில் என் போன் நம்பரை நான்கு முறை கேட்டார்கள். இன்சூரன்ஸ் அட்டையை முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் நகல் எடுத்தார்கள். இல்லத்தின் மாதக் கட்டண நினைவூட்டல், அப்பா ஐசியூவில் இருந்த அன்று காலை 9 மணிக்கு டாணென்று வந்தது. பணம் பற்றிய காகிதம் மட்டும் எந்தத் துணிக்கு அடியிலும் போய் மாட்டுவதில்லை.

சரி, குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இரண்டு இடத்திலும் ஆள் பற்றாக்குறை, இருப்பவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், நான் பார்த்தேன். அதனால்தான் ஒரு தாள், ஒரு போன் கால் என்று இவ்வளவு சின்னதாகக் கேட்கிறேன். திரும்பி அனுப்பும்போதும் அதேதான். எந்த மருந்தை நிறுத்தினீர்கள், எதைப் புதிதாகச் சேர்த்தீர்கள், ஏன் என்று இல்லத்துக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை இரவு 9 மணிக்குக் கையில் திணித்தால், அதைப் படிக்க அங்கே ஒரு பணிப்பெண்தான் இருப்பார்.

அப்பா இல்லத்துக்குத் திரும்பிவிட்டார். வாக்கர் இன்னும் சுவரோரம்தான் நிற்கிறது. மாத்திரை நேரங்களை நானே ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது அந்தப் பையைத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யும்படி உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
ஒரு மகள்