கேள்வி எண் 63: இப்னு மாஜித் குறித்து மூன்றாவது மடல்

பொது அறிவுக் கையேட்டின் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும். முதல் மடலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் வந்தது: "மேற்படி விடை எங்களின் முந்தைய பதிப்புகள் அனைத்திலும் அவ்வாறே உள்ளது." அந்த வரியைப் படித்தபிறகுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதலாம் என்று தோன்றியது.

வாஸ்கோ ட காமாவை 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்த மாலுமி யார் என்பது உங்கள் கேள்வி. உங்கள் கையேடு தரும் விடை, அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித். நூலகத்தில் மாலை வேளையில் நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளில் ஒருத்தி, 'மேற்கண்ட எவருமில்லை' என்பதைக் குறித்தாள். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிற பெண். உங்கள் மாதிரித் தேர்வில் 80 மதிப்பெண் எடுத்தால் பயிற்சிக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அவள் எடுத்தது 79. அன்று மாலை என்னிடம் அவள் கோபப்படவில்லை. "சார், இனிமே படிச்சதை எழுதணுமா, கையேட்டுல இருக்கறதை எழுதணுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. 'எவருமில்லை' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

சரி, ஏன் 'எவருமில்லை'? அந்தப் பயணத்தில் கூட வந்த ஒருவர் எழுதிய குறிப்பு, மாலிந்தி அரசர் அனுப்பிய வழிகாட்டி ஒரு கிறிஸ்தவர் என்கிறது. (கோழிக்கோட்டில் ஒரு கோயிலுக்குள் போய், அதை மாதா கோயில் என்று நினைத்துக் கும்பிட்டவர்கள் அவர்கள். அந்த வழிகாட்டி ஓர் இந்துவாகவும் இருந்திருக்கலாம்.) பிறகு எழுதிய போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ், அவர் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்கிறார். 'மாலெமோ கானா' என்று பெயரும் தருகிறார். வேறு இடத்தில் அது 'கானாக்வா' என்று வருகிறது. அது பெயரே அல்ல, தொழில் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மாலெமோ என்பது அரபு 'முஅல்லிம்', நம் 'மாலுமி'யும் அதிலிருந்து வந்ததுதான். கானாக்வா என்பது கணக்குப் பார்க்கிறவர், சோதிடர். ஆக, அவர்கள் எழுதி வைத்ததெல்லாம் 'மாலுமி கணக்கர்' என்பதுதான். இப்னு மாஜித் குஜராத்தியும் அல்ல. பாரசீக வளைகுடாவில், இன்றைய ராஸ் அல் கைமாவை ஒட்டியிருந்த ஜுல்ஃபாரில் பிறந்த அரபியர்.

அவர் பெயரை இதற்குள் கொண்டுவந்தவர், அந்தக் கப்பல்கள் வந்தபோது பிறந்தேயிராத, மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலி என்ற வரலாற்றாசிரியர். அவர் சொல்லும் கதையில் பறங்கித் தலைவன் இப்னு மாஜிதுடன் சேர்ந்து குடிக்கிறான், போதையில் இவர் வழியைச் சொல்லிவிடுகிறார். 1920களில் பிரெஞ்சு அறிஞர் ஃபெரான் இந்தக் கதையையும் போர்ச்சுக்கீசியக் குறிப்புகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். 1971இல் இப்னு மாஜிதின் நூலை ஆங்கிலத்தில் தந்த டிபெட்ஸ் அந்த முடிச்சை நம்பவில்லை. நீங்கள் இன்னும் 1920களிலேயே நிற்கிறீர்கள். குடித்துவிட்டு வழி சொன்னார் என்ற பாதியை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நன்றி.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஒரு மதிப்பெண்ணால் மட்டும் அல்ல. அந்த மனிதர் யார் என்று பாருங்கள். தகப்பனும் பாட்டனும் செங்கடலில் கப்பல் ஓட்டியவர்கள். இவர் கடல் பயணத்தைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி செய்யுள். 1462இல் எழுதிய ஒரு பாடல் மட்டும் ஆயிரம் அடிகளைத் தாண்டும். 1490ஐ ஒட்டி உரைநடையில் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' தான் பெரிய நூல். சந்திரன் தங்கும் 28 நட்சத்திர வீடுகள், நட்சத்திரங்கள் எழும், விழும் இடங்களை வைத்துப் பெயரிட்ட 32 திசைகள், எந்தத் துறைக்கு எந்தக் காற்றில் எந்த நாளில் கிளம்புவது, எல்லாம் அதில் உண்டு. துருவ நட்சத்திரத்தின் உயரத்தை 'இஸ்பா', அதாவது விரல், என்ற அளவில் சொல்வார்கள். ஒரு விரல் சுமார் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சிறு பலகையைப் பிடித்து அளப்பார்கள். நம் கிழக்குக் கரை மாலுமிகள் ராப்பலகை என்று வைத்திருந்ததும் இதே வகைதான். போக வேண்டிய துறைக்கு உரிய விரல் கணக்கு வரும்வரை வடக்கிலோ தெற்கிலோ போய், பிறகு அந்த உயரம் மாறாமல் கரையை நோக்கித் திரும்புவது. தெற்கே இறங்க இறங்க துருவ நட்சத்திரம் கடலோடு கடலாகிவிடும். அப்போது எந்த நட்சத்திரத்தைப் பிடிப்பது என்பதற்கும் அவரிடம் கணக்கு உண்டு.

இதெல்லாம் உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அவருக்குக் கிடைத்தது இன்னொருவன் கப்பலுக்கு வழி சொன்ன வேலை, அதுவும் பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமக்கு முன்னால் பெயர் பெற்ற மூன்று பேரை இப்னு மாஜித் 'கடல் சிங்கங்கள்' என்று மதிப்போடுதான் சொல்கிறார். ஆனாலும் அவர்கள் தொகுத்து எழுதியவர்கள், அனுபவத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர் என்று கறாராகச் சொல்லிவிடுகிறார். சொந்தத் தகப்பன் எழுதிய ஆயிரம் அடிக்கு மேற்பட்ட செங்கடல் பாட்டையே, தம் அனுபவத்தில் பார்த்ததை வைத்துத் திருத்தினார். தகப்பனின் முந்தைய பதிப்புகளில் அவ்வாறே உள்ளது என்று அவர் விட்டுவிடவில்லை.

எனக்குத் தெரியும், நீங்களும் வேறு ஒரு கையேட்டிலிருந்துதான் எடுத்திருப்பீர்கள். அவர்கள் இன்னொன்றிலிருந்து. கடைத்தெருவில் வரிசையாக அடுக்கியிருக்கும் கையேடுகளைப் புரட்டினால் எழுத்துப்பிழைகூட ஒன்று போலவே இருக்கிறது. மலைகளின் உயரம், ஆறுகளின் நீளம் எல்லாம் இப்படித்தான் வருகின்றனவோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அச்சு மட்டும் பளபளப்பாகிக்கொண்டே போகிறது, விலையும்தான். போகட்டும், அது வேறு சண்டை. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது இரண்டுதான். அடுத்த பதிப்பில் கேள்வி 63ஐ எடுத்துவிடுங்கள், அல்லது 'பெயர் உறுதியாகத் தெரியவில்லை' என்று விடையைத் திருத்துங்கள். இப்னு மாஜித் பற்றிக் கேட்கத்தான் வேண்டும் என்றால், அவர் எழுதியதைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாருங்கள். தள்ளுபடிப் பட்டியல் மூடிவிட்டது என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள். பட்டியலைத் திறக்க முடியாவிட்டாலும், விடைத்தாளையாவது திருத்தித் தாருங்கள். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

விடைத்தாளின் நகலை மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பணிவுடன்,
நூலக மாலை வகுப்பில் பாடம் சொல்பவன்