ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) முறுக்கு வாசனைக்கு முன்பே டிரில் சத்தம் கிளம்பிவிடும். புதுத் திரைச்சீலைக்குக் கம்பி மாட்ட வேண்டுமே! கூடவே, "மாமா, வாங்கிய மெஷின் சரியில்லை" என்று நான்கு பேராவது என் வாசலுக்கு வருவார்கள். தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் இந்தப் பஞ்சாயத்து என் தலையில்.

பெரும்பாலும் மெஷின் மேல் தவறில்லை. நாங்கள் தோட்டத்துப் பலகை வீட்டில் வளர்ந்தவர்கள். எதை மாட்டவும் ஆணியும் சுத்தியலும் போதும். இந்தச் செங்கல் வீட்டிலோ, நடுச்சுவரில் சுலபமாக இறங்கும் பிட் (டிரிலில் மாட்டும் துளையிடும் முனை), ஜன்னலுக்கு மேலே வைத்தால் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கே இருப்பது மேற்சுவரின் பாரத்தைத் தாங்க இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் லிண்டல். திரைச்சீலைக் கம்பிக்கு நாம் குறி வைக்கும் இடமும் அதுதான்!

சுத்தியல் படம் போட்ட சாதாரண டிரிலுக்குள் இரண்டு பல்வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துள்ளும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி விழும், ஒவ்வொன்றும் கொசுக்கடி. செங்கலுக்கு அது போதும். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். அதில் பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்று உள்ளே ஓர் இரும்புக் கட்டையை வீசி பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. எண்ணிக்கை குறைவு; விழுவது சம்மட்டி அடி. உடம்பைச் சாய்த்து அழுத்தவும் வேண்டாம். இதற்குக் காம்பில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட்தான் பொருந்தும். ஆண்டுக்கு நான்கு துளைக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். வீடு கட்டும் வேலைக்குப் போகிறவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார், இரவல் கேளுங்கள். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் சண்டை போடாமல் 2, 3 சென்டிமீட்டர் தள்ளி இறக்குங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ மட்டும் வேண்டாம், வயர் ஓடும்.

இன்னொரு கூத்து, சாதாரண டிரிலில் சுத்தியல் அடியை நிறுத்தும் பொத்தானை மாற்றாமலே மரத்திலும் இரும்பிலும் டைலிலும் வைப்பது. குளியலறை டைல் விரிசல் விட்டபின் என்னிடம் வந்து பயனில்லை. இரும்பு கேட்டுக்கு வேகத்தைக் குறைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துளையிட வேண்டும். முழு வேகத்தில் ஓட்டி பிட்டை நீலமாகக் கருக்கிவிட்டு, "மட்டமான பிட்" என்கிறார்கள். அது சரி, 100 பிட் உள்ள பெட்டியை மலிவு விலையில் அள்ளிக்கொண்டு வந்தால் மட்டமாகவும் இருக்கலாம்.

உங்கள் தீபாவளி விளம்பரப் பக்கங்களில் "18 வோல்ட்" என்று மெஷினின் பேட்டரி அளவைக் கொட்டை எழுத்தில் போடும் கடைக்காரர்களை, எந்தச் சுவருக்கு என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா. பண்டிகைக் காலையில் நானும் நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.