செடோனாவுக்கு அவசரம் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பொண்ணு பைலட் ஆகப்போறாள், ஜனவரியில் நாங்கள் வரும்போது தானே விமானம் ஓட்டி எங்களை அரிசோனா மலையூர் செடோனாவுக்குக் கூட்டிப்போகப்போறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஜனவரிக் கணக்கு சரியாகப் படவில்லை. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. தாம்பரத்தில் பயிற்சி விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன். நீ அனுப்பிய அமெரிக்க லைசென்ஸ் விதிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மொத்தம் 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் இன்ஸ்ட்ரக்டரோடு 20, தனியாக 10. இரவில் 3 மணி நேரம் பறந்து, 10 முறை ஏறி, இறங்கி, முழுதாக நிற்க வேண்டும். தனியாக ஒரு நீண்ட பயணம், 150 நாட்டிகல் மைல், மூன்று இடங்களில் இறங்கி. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், நூற்றுக்கு 70 மார்க் எடுத்தால் பாஸ். அப்புறம் செக்ரைடு, அதாவது தேர்வாளரைப் பக்கத்தில் வைத்துப் பறந்து காட்டும் கடைசித் தேர்வு. மெடிக்கலும், வெளிநாட்டவர் என்பதால் டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் ஏற்கெனவே முடித்துவிட்டாய், நல்லது.

இதில் 40 என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு 60, 70 ஆகிவிடுகிறது. நீயோ வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் ஒரு நாள் பறக்கிறாய். போன வாரம் படிந்தது இந்த வாரம் பாதி மறந்திருக்கும். அதைத் திரும்பப் பிடிப்பதற்கே விமான வாடகை மீட்டர் ஓடும். வாரம் இரண்டு மூன்று நாள் முடியுமா பார். முடியாவிட்டால் மாதம் கூடிவிட்டுப் போகட்டும். எங்கள் டிக்கெட் தேதிக்காக நீ செக்ரைடுக்கு நாள் குறிக்காதே.

கண்ணுக்கு மேல் மறைப்பு மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 3 மணி நேரம் இருக்கிறதே, அதை வைத்து மேகத்துக்குள் போகலாம் என்று நினைத்துவிடாதே. தெரியாமல் மாட்டிக்கொண்டால் திரும்பி வெளியே வருவதற்குத்தான் அது. விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் காது நேராகத்தான் போகிறோம் என்று சொல்லும். 1999 ஜூலையில் ஜான் கென்னடியின் மகன் மனைவியையும் அவள் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஓர் உறவினர் கல்யாணத்துக்குக் கிளம்பினார். இருட்டிவிட்டது, கடலுக்கு மேல் புகைமூட்டம், தொடுவானம் தெரியவில்லை. மூவரும் போய்விட்டார்கள். அவரிடம் 300 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. அன்று இரவு அவர் பறந்ததில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. யாரோ எங்கோ காத்திருக்கிறார்கள் என்பது பைலட்டுக்குப் பெரிய பாரம். அந்தப் பாரம் நாங்களாக இருக்க வேண்டாம்.

செடோனா ஓடுபாதையைப் படத்தில் பார்த்தேன். 4,830 அடி உயரத்தில், மேசைபோல் தட்டையான மலை உச்சியில் இருக்கிறது. இரண்டு முனையிலும் பள்ளம். காற்றடித்தால் இறங்கும் நேரத்தில் கீழே அழுத்தும். லைசென்ஸ் வந்த பிறகும், அங்கே முதலில் இன்ஸ்ட்ரக்டரோடு ஒருமுறை போய் வா. உன் ஊர் வெயிலும் லேசுப்பட்டதல்ல. ஃபீனிக்ஸில் 42 டிகிரி அடிக்கும்போது இறக்கைக்கு அது ஏறக்குறைய 5,000 அடி உயரத்து மெலிந்த காற்று. அதே செஸ்னா விமானம், அதே ஓடுபாதை, ஆனால் தரையை விட்டு எழவே மனசில்லாமல் ஓடும்.

என் தொழில் விஷயம் ஒன்று. கிளம்புமுன் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க டாங்கிலிருந்து பெட்ரோலைக் குப்பியில் பிடிப்பாய் அல்லவா, அதை வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்காதே. நீலத்துக்கு நீலம் ஏமாற்றும். வெள்ளையாக ஏதாவது பின்னால் வைத்துப் பார். 100எல்எல் என்ற அந்த விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துமுத்தாக உட்காரும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியாது; நிறமும் வாசனையும்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய பெரிய ஆட்கள் இதைப் பாதிக் கண்ணால் பார்த்துக் கீழே ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் லைசென்ஸ் வரவில்லை என்றால் காரில் போவோம், இரண்டு மணி நேரம்தானே. வந்துவிட்டால் எடைக் கணக்கு போட்டு வை. நான்கு சீட் இருக்கிறது என்று நான்கு பேரையும் ஏற்றி டாங்கையும் நிரப்ப முடியாது. மாப்பிள்ளை தரையிலேயே இருக்கட்டும். நான் 71 கிலோ. அம்மா தன் எடையை உன்னிடம் மட்டும்தான் சொல்வாளாம்.

அன்புடன்,
அப்பா