மான்ச்சினைத் திட்டுவது சுலபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பருவநிலைச் சட்டம் பிறந்த கதையையும் செத்த கதையையும் சொன்ன உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பழியையும் ஒரே ஆள் தலையில் போட்டு முடித்ததுதான் இடிக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் அப்போதைய ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்ச்சின் நிலக்கரிக்காரர்களின் ஆள், சொந்தக் கட்சியின் முதுகில் குத்தியவர், அவ்வளவுதான் என்றால், 2022 ஆகஸ்டில் அந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது? அதற்கும் அவர் ஓட்டுதானே வேண்டியிருந்தது.

அப்போது மேலவையான செனட்டில் இரண்டு தரப்பும் ஐம்பதுக்கு ஐம்பது. துணை அதிபர் கமலா ஹாரிஸ் வந்து ஓட்டுப் போட்டால்தான் ஜனநாயகக் கட்சிக்கு 51. எதிர்த்தரப்பிலிருந்து ஒருத்தரும் வரப்போவதில்லை என்பது ஆரம்பத்திலேயே தெரியும், ஆக ஐம்பது பேரில் யார் முறுக்கிக்கொண்டாலும் மசோதா காலி. டிரம்ப் 2020இல் ஏறக்குறைய 39 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலத்திலிருந்து ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் செனட்டில் உட்கார்ந்திருந்ததே அதிசயம். அந்த மனிதர் 2010 தேர்தல் விளம்பரத்தில், தன் கட்சி கொண்டுவந்த கார்பன் கட்டுப்பாட்டு மசோதாவின் நகலைக் குறியாக வைத்துத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டியவர். பதினோரு வருஷம் கழித்து "ஐயோ, இப்படிச் செய்துவிட்டாரே" என்று அதிர்ச்சி அடைந்தவர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆச்சரியம்.

அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு, ஆனால் அது 2021 டிசம்பர் 19 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பருவநிலைச் செலவும் அடங்கிய அதிபர் பைடனின் பெரிய மசோதாவுக்கு "என்னால் ஓட்டுப் போட முடியாது" என்று அவர் சொன்னதற்காக அல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபரில், சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்தது. மின் நிறுவனங்கள் ஒவ்வொரு வருஷமும் மாசில்லா மின்சாரத்தின் பங்கை 4 சதவீதப் புள்ளி கூட்டினால் பணம், கூட்டாவிட்டால் அபராதம் என்று 15,000 கோடி டாலரில் ஒரு திட்டம் அந்த மசோதாவில் இருந்தது. மின்சாரத் துறையை உண்மையிலேயே நகர்த்தக்கூடியது அதுதான். அதை நீக்கவைத்தவர் மான்ச்சின். அதற்கப்புறம் மின் நிலையங்களுக்கு மிஞ்சியது வரிச்சலுகை மட்டும். மாறினால் லாபம், மாறாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்டால், அதையும் உங்கள் கட்டுரை "நிலக்கரித் தொடர்பு" என்ற இரண்டு வார்த்தையில் தாண்டிவிட்டது. அவர் ஆரம்பித்து இப்போது மகன் பொறுப்பில் இருக்கும் எனர்சிஸ்டம்ஸ் என்ற குடும்ப நிறுவனம் விற்பது நல்ல கரி கூட இல்லை. பழைய சுரங்கங்களில் கழித்துக் கொட்டிய, மண்ணும் கல்லும் கலந்த கழிவுக் கரி. அதை வாங்கி எரிப்பது கிராண்ட் டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கும் அனல்மின் நிலையம். தன் பங்கைத் தான் நிர்வகிக்கவே முடியாத தனி அறக்கட்டளையிடம் விட்டுவிட்டேன் என்பது அவர் பதில், சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. இருந்தாலும் செனட்டின் எரிசக்திக் குழுத் தலைவர் நாற்காலியில் அப்படிப்பட்ட ஒருவர் என்றால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும்.

நான் நெய்வேலிக்காரன். சுரங்கத்தை நம்பி ஒரு ஊரே பிழைப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால்தான் மான்ச்சினை எதிர்த்தவர்களிலேயே எனக்குப் பிடித்தவர்கள் அவர் வசித்த படகு வீட்டைத் துடுப்புப் படகில் போய்ச் சூழ்ந்த போராட்டக்காரர்கள் அல்ல, சுரங்கத் தொழிலாளர்கள். டிசம்பர் 19இல் அவர் மாட்டேன் என்றார், மறுநாளே ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று அறிக்கை விட்டது. கரி தோண்டுகிறவனே பருவநிலை மசோதாவை நிறைவேற்று என்கிறான்! காரணம் எளிது. கரித்தூளால் நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளிகளுக்கான நிதி, டன்னுக்கு இவ்வளவு என்று கரிமேல் போடும் வரியில் ஓடுகிறது. அந்த வரி அந்த வருஷக் கடைசியோடு, நிலத்தடிச் சுரங்கக் கரிக்கு 1.10 டாலரிலிருந்து 50 சென்டுக்கு விழ இருந்தது, மசோதா போனதால் விழுந்தும் விட்டது. போதாததற்கு, கரி ஊர்களில் புதுத் தொழிற்சாலை கட்டினால் சலுகை என்ற பிரிவும் அதில் இருந்தது. "என் மக்களுக்காக" என்று சொன்னவரிடம் அந்த மக்களின் சங்கமே வந்து வேறு சொன்னது. இது உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

அப்புறம் 2022 ஜூலை. 13ஆம் தேதி பணவீக்கம் 9.1 சதவீதம் என்று வந்தது, அடுத்த நாளே பருவநிலைச் செலவெல்லாம் இப்போது வேண்டாம் என்று செனட்டில் தன் கட்சித் தலைவரான ஷூமரிடம் மான்ச்சின் சொல்லிவிட்டார். எல்லோரும் தலைமுழுகிவிட்டார்கள். 27ஆம் தேதி மதியம் குடியரசுக் கட்சியின் ஆதரவோடு சிப் தொழிற்சாலை மசோதா செனட்டில் தேறியது. சில மணி நேரத்தில் ஷூமரும் மான்ச்சினும் உடன்பாடு என்று அறிவிப்பு. எரிசக்திக்கும் பருவநிலைக்கும் 36,900 கோடி டாலர், அமெரிக்க வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. ஆகஸ்ட் 7 அன்று 51க்கு 50. மசோதாவின் பெயரே "பணவீக்கக் குறைப்பு" என்று மாறியது அவருக்காகத்தான்.

இனாமாக வரவில்லை. கடலில் காற்றாலைக்கு இடம் விட வேண்டுமானால் அதற்கு முன் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இவ்வளவு ஏக்கர் ஏலத்துக்கு விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர் கைவரிசை. மவுன்டன் வேலி எரிவாயுக் குழாய்க்கு 2023இல் அனுமதி வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த நுரையீரல் நிதிக்கான வரி பழைய அளவுக்கே உயர்ந்து நிரந்தரமானது. மூடிக்கிடந்த வீர்ட்டன் எஃகு ஆலை இருந்த இடத்தில் இரும்பை வைத்து மின்கலம் செய்யும் தொழிற்சாலை வந்தது. ஊருக்கு இது வேண்டாமா?

இனிதான் நான் சொல்ல வந்தது. 2025 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் நான்கு செனட்டர்கள், முர்கோவ்ஸ்கி, கர்ட்டிஸ், டில்லிஸ், மொரான், எரிசக்தி வரிச்சலுகைகளை அப்படியே பிடுங்காதீர்கள் என்று தங்கள் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். கீழவையில் அதே கட்சியின் கர்பரினோ தலைமையில் 21 பேர் மார்ச்சிலேயே எழுதிவிட்டார்கள். பத்திரிகைகள் "மிதவாதிகள் கலகம்" என்று எழுதின. ஜூலை 1 அன்று அந்தச் சலுகைகளை வெட்டும் டிரம்பின் பெரிய மசோதாமேல் செனட்டில் ஓட்டெடுப்பு. கடிதம் எழுதிய நால்வரில் டில்லிஸ் மட்டும் எதிர்த்தார், அதுவும் முக்கியமாக மருத்துவ உதவி வெட்டுக்காக, அதுவும் இனி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்த பிறகு. மற்ற மூவரும் ஆதரவு. 51க்கு 50. அவர்களில் ஒருத்தர் மாறியிருந்தால் நின்றிருக்கும். முர்கோவ்ஸ்கி கொஞ்சம் பேரம் பேசி, காற்றாலை சூரிய மின் திட்டங்களுக்கு ஒரு வருஷ அவகாசம் வாங்கினார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையும் போட்டுவிட்டு, கீழவை இதைச் சரிசெய்யும் என்று நம்புகிறேன் என்று வெளியே வந்து சொன்னாரே, அதை என்னவென்று சொல்வது? கீழவை ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அங்கே எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர். கர்பரினோ மே மாத ஓட்டெடுப்பின்போது தூங்கிப்போய்விட்டார் என்று அவைத்தலைவரே சொன்னார், ஜூலையில் விழித்திருந்து ஆதரித்தார்.

நம் ஊரில் கொறடா சொல்லை மீறினால் 1985ஆம் வருஷக் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போய்விடும், ஆகவே இங்கே யாரும் வாய் திறக்காததற்கு ஒரு சாக்காவது உண்டு. அங்கே அதுவும் கிடையாது. அடுத்த முறை சீட்டு கிடைக்காமல் போகலாம், டிரம்ப் திட்டலாம், அவ்வளவுதான்.

மான்ச்சின் கட்சியை மீறி ஒரு பெரிய மசோதாவைக் கொன்றார், பிறகு பாதியையாவது உயிரோடு கொண்டுவந்தார். இவர்கள் கட்சியை மீறுவதாகச் சொல்லிவிட்டு மீறவில்லை. மின்சாரக் கார் வாங்கினால் கிடைத்த 7,500 டாலர் சலுகை 2025 செப்டம்பர் 30 உடன் போனது. மான்ச்சின் விட்டுப்போன நாற்காலியில் இப்போது இருப்பவர் ஜிம் ஜஸ்டிஸ், அவரும் நிலக்கரிக் குடும்பம்தான், இந்த ஓட்டெடுப்பில் கட்சியோடுதான் நின்றார். மான்ச்சினை ஒழித்தால் விடிந்துவிடும் என்று 2022இல் எழுதியவர்கள் இதற்கும் ஒரு பத்தி எழுதலாம்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் தரவுகளில் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. தொடரின் அடுத்த பகுதி வருமானால் அந்த 21 பேர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவரின் தொகுதியிலும் எந்தத் தொழிற்சாலை வந்தது, எது நின்றுபோனது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெய்வேலி