தேனுவுக்கு அப்பா எழுதுவது

திருவெறும்பூர்

அன்புள்ள தேனு,

நலம், நலமறிய ஆவல். உன் புது விலாசத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கித்தான் இதை எழுதுகிறேன். போன் பண்ணினால் "அப்புறம் கூப்பிடறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். வேலை அதிகமாக இருக்கும். சரி.

நீ பழைய ஸ்டெயர் எல்பி 10 ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கியிருப்பதாகவும், அதில் காற்று நிற்கவில்லை என்றும் தம்பி சொன்னான். எனக்கு ரொம்ப சந்தோஷம். கல்யாணத்தோடு விட்டுவிட்டாய், இனி பிஸ்டலைத் தொடமாட்டாய் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். ஆனால் இதை நீயே சொல்லியிருக்கலாம். பிஎச்இஎல்லில் வேலைக் காலம் முழுக்க உயர் அழுத்த வால்வோடு கிடந்தவன் நான். என் மகளின் பிஸ்டலில் காற்று கசிகிறது என்பதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலையாக சிலிண்டரைப் பார். அதன் மேல் தேதி பொறித்திருப்பார்கள். காற்று சிலிண்டருக்கு அதிகபட்ச ஆயுள் 10 வருஷம்தான். அது தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. விதியை விடு, ஆபத்து அதைவிடப் பெரிது. ஸ்கூட்டர் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்தச் சின்னக் குழாயில் நிரப்புவது 200 பார். தேதி முடிந்திருந்தால் யோசிக்காமல் புதிது வாங்கு. விற்றவர் "இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று சொல்லியிருப்பார். கேட்காதே.

கசிவு எங்கே என்று நீயே கண்டுபிடித்துவிடலாம். சிலிண்டரை நிரப்பி, மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிஸ்டலில் மாட்டாமல் ஒரு ராத்திரி தனியாக வை. காலையில் முள் இறங்கியிருந்தால் கோளாறு சிலிண்டர் வால்விலேயே இருக்கிறது. இறங்கவில்லையென்றால் அடுத்த ராத்திரி பிஸ்டலில் மாட்டி வை. அப்போது இறங்கினால் உள்ளே அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் பக்கமோ, காற்றை அடைக்கும் ஏதோ ஒரு ரப்பர் வளையமோ (ஓ-ரிங்). புனே பாலேவாடி துப்பாக்கி சுடும் ரேஞ்சில் விசாரித்தால் இதைப் பார்க்கிற ஆள் யாரென்று சொல்வார்கள். அவர் ரிப்பேர் பண்ணும்போது பக்கத்திலேயே நில். ஹார்டுவேர் கடை ஓ-ரிங் அளவில் பொருந்தும், ஆனால் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கிவிடும். கம்பெனி சீல் கிட்தான் போடச் சொல். நாள் ஆனாலும் காத்திரு. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். காற்றை முழுக்க வெளியேற்றாமல் எந்த ஸ்க்ரூவிலும் கை வைக்காதே. தெரியும் என்பாய். தெரிந்தாலும் வைக்காதே.

ரிப்பேர் முடிந்ததும் வேகத்தை அளந்து தரச் சொல். ராத்திரி முழுக்க சும்மா இருந்த பிஸ்டலின் முதல் பெல்லட் (குண்டு) மற்றதைவிட வேகமாகப் போனால் ரெகுலேட்டர் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது உனக்குத் தெரியும். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் மக்கர் பண்ணி இருபது நிமிஷத்துக்குப் பக்கம் போய்விட்டது. மொத்தமே 75 நிமிஷம், 60 ஷாட். 575 புள்ளி எடுத்தும் 12ஆம் இடம், ஃபைனல் இல்லை. அந்தப் பெண்தான் மூன்று வருஷம் கழித்து பாரிஸிலிருந்து இரண்டு வெண்கலத்தோடு வந்தது. அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டேன். போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை.

நீ சுட்ட காலத்தில் பெண்களுக்கு 40 ஷாட்தான். 2018 முதல் ஆண்களுக்குப் போல 60. தோள் பழக நாள் பிடிக்கும், அவசரப்படாதே. கைப்பிடி முன்பு வைத்திருந்தவர் கைக்குத் தக்கபடி செதுக்கிப் புட்டி பூசியதாக இருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் உன் கை அளவுக்கு வேறு வாங்கிப் போடு. டிரிகர் தட்டிவிடாமல் 500 கிராமைத் தாங்குகிறதா என்று எடை தொங்கவிட்டுப் பார். பழைய பிஸ்டலில் அதை நம்பவே கூடாது. லைசன்ஸ் வேண்டாத 4.5 மி.மீ. என்றாலும் சீரியல் நம்பரோடு ரசீது எழுதி வாங்கினாயா? யார் கூட வந்தார்கள் வாங்கும்போது?

பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அத்தை போட்ட வளையலாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அது உன்னுடையது, உன் இஷ்டம். ஆனால் சிலிண்டருக்கும் சீல் கிட்டுக்கும் நான் அனுப்புகிறேன், மறுக்காதே. மாவட்டப் போட்டியில் நீ சீனியர்களைத் தாண்டி வந்தபோது கிளப்பில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தப் பெண்ணுக்குச் செலவு செய்வது எனக்கு ஒன்றும் பாரம் இல்லை.

புது இடத்தில் சுட்டுப் பழக 10 மீட்டர் தூரம் கிடைக்காது. பரவாயில்லை, வெறும் சுவரைப் பார்த்து பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகு, எல்பி 10-இல் அதற்கு வசதி உண்டு. ஒரே அறைதான் என்று தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா? ராத்திரி ரேஞ்சிலிருந்து எப்படி வருகிறாய்? பிஸ்டல் பெட்டியைப் பூட்டியே வை.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள். சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலா என்று கேட்கச் சொன்னாள். நீ எதைச் சொல்கிறாயோ அதை அனுப்புகிறோம், வேறு எதுவும் கேட்க மாட்டோம். உன் மாடி ரூமை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ரயிலில் வந்தால் பிஸ்டலையும் கொண்டு வா, நானே பிரித்துப் பார்க்கிறேன்.

சிலிண்டர் தேதியை மட்டும் இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பிவிடு. அதைப் பார்க்கும் வரை நிரப்பாதே.

இப்படிக்கு,
அப்பா