பிழைத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் போன மாதம் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். மூச்சில்லை. பக்கத்தில் நின்ற மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) அவசர எண் 999-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற கணக்கில், சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தினார். அப்புறம் இதயத்துக்கு மின் அதிர்ச்சி, மருத்துவமனை, அவசரப் பிரிவு. இப்போது மனிதர் வாசலில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார்.

ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் அவரைக் காப்பாற்றியவர்களுக்கு இது தெரியாது. நோயாளி வார்டுக்குப் போனதும் அடுத்தவர் வந்துவிடுவார், முந்தையவர் பிழைத்தாரா என்று யார் போய்ச் சொல்கிறார்கள்? காத்திருந்த கோபத்தைக் கவுண்டரில் கொட்ட மட்டும் நாம் தவறுவதில்லை. விருது, சான்றிதழ் எல்லாம் சரி, கொடுக்கட்டும். ஆனால் குணமாகி வீடு திரும்பியவரின் செய்தி அன்றைய ஷிப்டில் இருந்த மருத்துவ உதவியாளர், தாதி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வரைக்கும் போய்ச் சேர மருத்துவமனைகள் ஏற்பாடு செய்யவேண்டும். குடும்பத்தாரும் ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமே. எங்கள் மண்டோருக்குத் தோட்ட நிர்வாகம் இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, அதையும் செய்யட்டும்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்