பேட்ச் ஸ்கிரிப்ட் சொல்வது இன்ஸ்டாலர் காதில் விழ வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவியில் கட்டிய இன்ஸ்டாலர், கட்டளைகளை வரிசையாகச் செய்யும் உன் பேட்ச் ஸ்கிரிப்டை (.bat) ஓட்டுகிறது, டேட்டாபேஸ் உருவாகவில்லை, ஆனாலும் கடைசித் திரையில் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று வருகிறது என்றாய். இதைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிடாதே. அந்த ஒரு வரியை நம்பித்தான் நிறுவுகிறவர் அடுத்த வேலைக்குப் போகிறார். உண்மை தெரியாமல் அவர் எங்கெங்கோ தேடி அலைவார்.

எல்லோரும் முதலில் இன்ஸ்டாலரைத்தான் சந்தேகிப்பார்கள். நான் ஸ்கிரிப்டைத்தான் முதலில் பார்ப்பேன். நீ அனுப்பியதில் எஸ்க்யூஎல்சிஎம்டி (டேட்டாபேஸுக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராம்) வரி இருக்கிறது, அதற்குக் கீழே லாக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு காப்பி செய்யும் வரி, அத்தோடு முடிகிறது. எஸ்க்யூஎல்சிஎம்டி தோற்று 1 கொடுத்தாலும், அடுத்து வரும் காப்பி வெற்றி பெற்று எர்ரர்லெவலை, அதாவது கட்டளை ஜெயித்ததா தோற்றதா என்று சொல்லும் எண்ணை, 0 (வெற்றி) ஆக்கிவிடுகிறது. ஸ்கிரிப்ட் முடியும்போது வெளியே போவது அந்த 0தான். தோல்வியைப் பதிவு செய்து வைக்கப் போட்ட வரியே தோல்வியை அழித்துவிடுகிறது, பார்த்தாயா?

இன்னொன்றும் இருக்கிறது. எஸ்க்யூஎல்சிஎம்டிக்கு ‘-பி’ (-b) என்ற சுவிட்ச் கொடுக்காவிட்டால், உள்ளே எஸ்க்யூஎல் பிழை வந்தாலும் அது 0 என்றே திரும்பும். உன் வரியில் அது இல்லை. முதலில் அதைச் சேர். பிறகு அந்த வரிக்கு நேர் கீழே எர்ரர்லெவலை வேறொரு மாறியில் எடுத்து வை. அந்த மாறிக்கு எர்ரர்லெவல் என்றே பெயர் வைத்துவிடாதே, வைத்தால் அசல் மதிப்பு அதன் பின்னால் மறைந்துபோகும். அப்புறம் லாக்கை காப்பி செய், கடைசியில் ‘எக்ஸிட் /பி’ (exit /b) போட்டு எடுத்து வைத்த எண்ணைக் கொடு.

இதையெல்லாம் இஃப் அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஜாக்கிரதை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை, ஸ்கிரிப்டை ஓட்டும் சிஎம்டி மொத்தமாக ஒரே தடவையில் வாசித்து, சதவீதக் குறி போட்ட மாறிகளின் மதிப்பை அப்போதே நிரப்பிவிடும். கட்டளை ஓடுவதற்கு முந்தைய மதிப்புதான் உனக்குக் கிடைக்கும். அங்கே, கட்டளை ஓடும்போதுதான் மதிப்பை நிரப்பும் டிலேடு எக்ஸ்பேன்ஷனை இயக்கி ஆச்சரியக்குறி போட்டு எழுது. ஸ்கிரிப்டில் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை வந்தால் அதற்குக் கணக்கே வேறு: 8க்குக் கீழே எது வந்தாலும் தோல்வி இல்லை. 1 என்றால் கோப்புகள் ஒழுங்காக காப்பியாகிவிட்டன என்று அர்த்தம்.

இனி இன்ஸ்டாலர். நீ ஸ்கிரிப்டை இன்னோ செட்டப் கோப்பின் ரன் பகுதியில் போட்டிருக்கிறாய். அந்தப் பகுதி, ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பும் எண்ணை (எக்ஸிட் கோடு) கண்டுகொள்ளாது. கோடு (Code) பகுதிக்குப் போய் எக்ஸெக் ஃபங்ஷனால் கூப்பிடு, முடியும் வரை காத்திருக்கும்படி ‘ஈடபிள்யூவெயிட்அன்டில்டெர்மினேட்டட்’ கொடு. எக்ஸெக் ட்ரூ என்று திரும்பினால் ஸ்கிரிப்ட் ஜெயித்தது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். புரோகிராம் தொடங்கியது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஸ்கிரிப்டின் பதில், எக்ஸெக் நிரப்பித் தரும் ரிசல்ட்கோடு என்ற மாறியில் இருக்கும். ஃபால்ஸ் வந்தாலோ, அதே ரிசல்ட்கோடில் இருப்பது விண்டோஸின் பிழை எண். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதி.

ஸ்கிரிப்டில், கீ அழுத்தும் வரை காத்திருக்கும் பாஸ் கட்டளை இருந்தால் எடுத்துவிடு. விண்டோவை மறைத்து ஓட்டும்போது யாரும் கீயை அழுத்த முடியாது, இன்ஸ்டாலர் அப்படியே நின்றுவிடும்.

எங்கே கூப்பிடுவது என்று கேட்டாய். எதையும் நிறுவுவதற்கு முன் பார்க்க வேண்டிய சோதனை என்றால் ப்ரிபேர்டூஇன்ஸ்டால் (PrepareToInstall) ஃபங்ஷன்தான் சரியான இடம். அங்கிருந்து காலியில்லாத ஒரு சரத்தைத் திருப்பினால் போதும், அதையே பிழைச் செய்தியாகக் காட்டி செட்டப் நின்றுவிடும். உன் ஸ்கிரிப்டுக்கோ நிறுவிய கோப்புகள் தேவை, அதனால் போஸ்ட்இன்ஸ்டால் கட்டத்தில்தான் ஓட்ட முடியும். அந்த நேரத்தில் பிழை எழுப்பினாலும் வைத்த கோப்புகள் தானாகத் திரும்பப் போகாது. ரிசல்ட்கோடை ஒரு குளோபல் மாறியில் வைத்துக்கொண்டு, என்ன தோற்றது, லாக் எங்கே இருக்கிறது என்று கடைசித் திரையில் தெளிவாக எழுது. கெட்கஸ்டம்செட்டப்எக்ஸிட்கோடு என்ற ஃபங்ஷனிலும் அதே எண்ணைத் திருப்பு. சைலன்ட்டாக நிறுவும்போது திரையைப் பார்க்க ஆளே இருக்காது. இன்ஸ்டாலரை ஓட்டிய கருவிக்குத் தெரிவது அந்த எண் ஒன்றுதான், அதையும் 0 என்று கொடுத்தால் எந்தக் கணினியில் டேட்டாபேஸ் இல்லை என்று யாருக்குமே தெரியாது.

மாற்றி எழுதியதும் டேட்டாபேஸ் சர்வீஸை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, ‘ஸ்டார்ட் /வெயிட்’ போட்டு செட்டப்பை ‘/வெரிசைலன்ட்’ என்று ஓட்டிப் பார். முடிந்ததும் எர்ரர்லெவலை எக்கோ செய். 0 தவிர வேறு எண் வர வேண்டும். 0 வந்தால் ஸ்கிரிப்டையும் கோடு பகுதியையும் அப்படியே எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்